மலையேற்றத்துக்கு வீட்டுச் சாப்பாடு: சமைத்து, உலர்த்தி, எடைக் கணக்கோடு கட்டிக்கொண்டு போக ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் கிச்சடி செய்து, உலர்த்தி, பையில் போட்டுக்கொண்டு போய், மலையில் வெந்நீர் ஊற்றினால் அது மறுபடியும் கிச்சடியாக வேண்டும். பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் இது கெட்டுப்போகிறது. முழுதாகக் காயாமல் பையில் போட்டுவிடுவது ஒன்று. எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது என்று தெரியாமல் குத்துமதிப்பாக ஊற்றுவது இன்னொன்று. இரண்டையும் தீர்ப்பது 1 கிராம் வரை காட்டும் ஒரு கிச்சன் தராசு. "8 மணி நேரம் காயவைக்கவும்" என்று எங்கே படித்திருந்தாலும் அதை நம்பி உலர்த்தும் மெஷினை அணைக்காதீர்கள். சித்திரை வெயில் காலத்தில் 8 மணி நேரத்தில் காயும் அதே சாதம், ஐப்பசி மழையில் 12 மணி நேரத்தையும் தாண்டும். கடிகாரத்தை விட்டுவிட்டு எடையைப் பார்த்து வேலை செய்யும் முறையைத்தான் இங்கே சொல்கிறோம்.

எந்தப் பயணத்துக்கு இது வேண்டும்

ஒரு ராத்திரி தங்கித் திரும்புவதற்கு இவ்வளவு பாடு வேண்டாம். புளியோதரையும் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் போதும். மூன்று நாளுக்கு மேல், சாப்பாட்டை நீங்களே முதுகில் சுமக்கிறீர்கள் என்றால்தான் உலர்த்துவதில் பலன் உண்டு.

"அரிசி பருப்பை அப்படியே கொண்டுபோனாலும் அதே எடைதானே?" என்று கேட்கலாம். எடை ஏறக்குறைய அதேதான். வித்தியாசம் அடுப்பில் இருக்கிறது. உயரம் 300 மீட்டர் கூடக்கூடத் தண்ணீர் கொதிக்கும் சூடு சுமார் 1 டிகிரி செல்சியஸ் குறைந்துகொண்டே வரும். ஊட்டியிலேயே 92, 93 டிகிரியில் கொதித்துவிடும். 4,000 மீட்டரில் 87 டிகிரிக்குப் பக்கம்தான். அந்தச் சூட்டில் குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகாது. வேகும்வரை எரித்தால் கேஸ் தீர்ந்துவிடும். சமைத்து உலர்த்தியது ஏற்கெனவே வெந்தது. அதற்குள் தண்ணீர் ஏறினால் போதும்.

ஏற்கெனவே காய்ந்த வடிவில் கிடைப்பதை மறுபடி உலர்த்த வேண்டியதில்லை. அவல், வறுத்த ரவை, சேமியா, ஓட்ஸ், சத்துமாவு, மீல்மேக்கர் எல்லாம் அப்படியே பைக்குள் போகலாம். காலை உணவை இவற்றில் முடித்துக்கொண்டு, உழைப்பை ராத்திரிச் சாப்பாட்டில் போடுங்கள். நடந்து களைத்து வந்த உடம்பு சூடாக, காரமாகக் கேட்பது அப்போதுதான்.

வெயிலில் காயவைத்தால் ஆகாதா?

மோர்மிளகாயும் சுண்டைக்காய் வற்றலும் கொத்தவரை வற்றலும் தலைமுறை தலைமுறையாக வெயிலில் காய்ந்தவைதானே என்பது நியாயமான கேள்வி. அவற்றில் உப்பு தூக்கலாக இருக்கிறது, பலவற்றில் மோர்ப் புளிப்பும் உண்டு, கடைசியில் எண்ணெயில் பொரித்துத்தான் சாப்பிடுகிறோம். சாப்பிடும் அளவு உப்பு மட்டும் போட்ட பருப்பு சாதத்துக்கு இந்தக் காவல் எதுவும் கிடையாது. வெயிலில் அது 35 முதல் 45 டிகிரியில் மணிக்கணக்காக ஈரத்தோடு கிடக்கும்; கிருமிகளுக்கு அதைவிட நல்ல சூடு வேறில்லை. வெந்த சாதத்தில் பிழைத்திருக்கும் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா வாந்தியை உண்டாக்கும் நஞ்சை விடும். அந்த நஞ்சு பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அழியாது. ஆகவே சமைத்த சாப்பாட்டுக்கு மெஷின்தான். வற்றல் வடகத்துக்கு வெயில் இருக்கட்டும்.

என்னென்ன வேண்டும்

சூட்டை டிகிரிக் கணக்கில் வைக்கக்கூடிய, விசிறி உள்ள டீஹைட்ரேட்டர் (சாப்பாட்டை உலர்த்தும் மெஷின்) முதல் தேவை. இதில் இரண்டு வகை உண்டு. அடியில் விசிறி வைத்துத் தட்டுகளை அடுக்குவது விலை குறைவு. ஆனால் கீழ்த்தட்டு முதலில் காயும், மேல்தட்டு பின்தங்கும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தட்டுகளை மாற்றி அடுக்க வேண்டும். பின்பக்கம் விசிறி வைத்த பெட்டி வகையில் எல்லாத் தட்டும் ஏறக்குறைய ஒன்றாகக் காயும். அடிக்கடி செய்பவர்கள் இதையே வாங்குங்கள். 400 வாட் மெஷின் 10 மணி நேரம் ஓடினால் 4 யூனிட் கரண்ட்.

மின் ஓவன் வைத்திருப்பவர்கள் அதன் குறைந்த சூடு எவ்வளவு என்று பாருங்கள். 70 டிகிரிக்குமேல்தான் தொடங்குகிறது என்றால் வேலைக்காகாது. விசிறியோடு 60 டிகிரி வைக்க முடிந்தால், கதவை நாலு விரல் திறந்து வைத்து உலர்த்தலாம். ஈரம் வெளியேற வழி இல்லாவிட்டால் சாப்பாடு மறுபடி வெந்துகொண்டிருக்குமே தவிர காயாது.

இவை தவிர, தட்டில் விரிக்க சிலிக்கோன் விரிப்பு அல்லது பட்டர் பேப்பர். மெழுகுத்தாள் உருகும், வேண்டாம். அடுக்குத் தட்டு மெஷினில் நடு ஓட்டையை விரிப்பால் மூடிவிடாதீர்கள். காற்று மேலே போவது அந்த வழியாகத்தான். மிக்ஸி, தராசு, மூடி இறுகும் கண்ணாடி பாட்டில், ஜிப்லாக் பை, எழுத ஒரு மார்க்கர். அவ்வளவுதான்.

எடைக் கணக்கு

சமைத்த சாப்பாடு முழுதாகக் காய்ந்தால் எவ்வளவு எடை இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட முடியும். அரிசியும் பருப்பும் சமைக்கும்முன் இருந்த எடைக்கே திரும்பும். கடையில் வாங்கும் அரிசியிலேயே 12 சதவீதம்போல ஈரம் இருக்கும், நாம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காயவைப்பதால், சிறிது குறைவாகவே வரும். காய்களில் தண்ணீர் போக மிஞ்சுவதைப் பாருங்கள். 100 கிராம் கேரட் 12 கிராம் ஆகும். பீன்ஸ் 10, வெங்காயம் 11, தக்காளி 6, பட்டாணி 21 கிராம்போல வரும். உப்பும் மசாலாவும் அப்படியே நிற்கும்.

இவற்றைக் கூட்டினால் வருவதுதான் உங்கள் இலக்கு எடை. 500 கிராம் வர வேண்டியது 580-ல் நின்றால் உள்ளே இன்னும் 80 மி.லி. தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். கையில் தொட்டால் மொறுமொறுவென்று இருந்தாலும் சரி, நம்பாதீர்கள். முடியும் நேரத்தில் தட்டை ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை நிறுத்துப் பாருங்கள். எடை மாறவில்லை, இலக்கையும் தொட்டுவிட்டது என்றால் நிறுத்தலாம். எடை மாறாமல் இலக்குக்கு மேலேயே நின்றால் கட்டிகளை உடைத்துவிட்டு ஓட்டத்தைத் தொடருங்கள்.

தண்ணீர்க் கணக்கும் இதே தராசில் வந்துவிடும். சமைத்தவுடன் ஒரு ஆள் பங்கு 570 கிராம், காய்ந்தபின் 125 கிராம் என்றால், போனது 445 மி.லி. தண்ணீர். மலையில் ஊற்ற வேண்டியதும் அதுவே. பையின்மேல் அதை எழுதிவிட்டால் அங்கே யோசனைக்கே இடமில்லை.

உலர்த்துவதற்காகச் சமைப்பது

வீட்டில் தினம் சமைப்பதை அப்படியே தட்டில் கொட்டினால் நன்றாக வராது. மூன்று விஷயங்கள் மாற வேண்டும்.

எண்ணெய், நெய், தேங்காய் மூன்றும் வேண்டாம். தண்ணீர்தான் ஆவியாகும், எண்ணெய் ஆகாது. காய்ந்த சாப்பாட்டின்மேல் படிந்து சில வாரங்களில் காறல் வாடை அடிக்கும். வெங்காயம் தக்காளியை இரண்டு கரண்டித் தண்ணீர் விட்டு வதக்குங்கள். சீரகம், மிளகு, பெருங்காயத்தை வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்துச் சேருங்கள். கடுகு, கறிவேப்பிலை, முந்திரியைத் தனிப் பொட்டலமாகவும், நெய்யை இறுகிய மூடியுள்ள சின்ன டப்பாவிலும் கொண்டுபோய் மலையில் தாளித்துக்கொள்ளலாம். ஒரு கிராம் நெய்யில் 9 கலோரி. குளிரில் நடக்கும் உடம்புக்கு அது கட்டாயம் வேண்டும். சேரும் இடம் மட்டும்தான் மாறுகிறது.

இரண்டாவது, நறுக்குவது. எந்தக் காயும் 5, 6 மி.மீ. சதுரத்துக்குமேல் வேண்டாம். சாம்பாருக்கு நறுக்குவதுபோலப் பெரிதாக நறுக்கினால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் தங்கும். மலையில் அதே துண்டு வெளியே குழைந்து நடுவில் கடிபடும். சின்னதும் பெரிதுமாகக் கலந்திருப்பது இன்னும் மோசம், பெரிய துண்டுக்காக எல்லாம் காத்திருக்க வேண்டிவரும்.

மூன்றாவது, நன்றாக வேகவைப்பது. அரை வேக்காட்டில் காய்ந்த பருப்பு மலையில் எத்தனை நேரம் ஊறினாலும் அரை வேக்காடுதான். விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும்.

காய்களைத் தனியாக உலர்த்தி வைத்தல்

மழையில்லாத நாட்களில் காய்களை மட்டும் உலர்த்தி இருப்பு வைத்துக்கொண்டால், பிறகு எந்தச் சாப்பாட்டிலும் ஒரு பிடி போடலாம். 55 டிகிரி சரியான சூடு. அவசரப்பட்டு 70-ல் வைத்தால் மேல்தோல் இறுகி உள் ஈரத்தை அடைத்துவிடும். பார்க்கக் காய்ந்ததுபோல இருக்கும், பாட்டிலில் போட்டுப் பத்து நாளில் பூசணம் பூக்கும்.

கேரட், பீன்ஸ், காலிஃபிளவர், முட்டைக்கோஸ் இவற்றை முதலில் 3 நிமிடம் இட்லிப் பானையில் ஆவி காட்டுங்கள். காயை நிறம் மங்கவும் வைக்கோல் வாடை அடிக்கவும் வைக்கும் நொதிகள் அதில் அடங்கும், பிறகு தண்ணீரும் சீக்கிரம் ஏறும். உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டு எடுத்து, துணியில் ஒற்றித் தட்டில் ஒரே வரிசையாகப் பரப்புங்கள். உருளைக்கிழங்கை முழுதாக வேகவைத்தே உலர்த்த வேண்டும். பச்சையாக வைத்தால் கறுத்துவிடும். வெங்காயம், தக்காளி, காளான், குடைமிளகாய்க்கு ஆவி வேண்டாம். ஃப்ரோசன் பட்டாணி ஏற்கெனவே ஆவி கண்டதுதான், பாக்கெட்டைப் பிரித்து நேராகத் தட்டில் கொட்டலாம். உறைந்து உருகியதில் அதன் உள்திசு தளர்ந்திருப்பதால் பச்சைப் பட்டாணியைவிட இதுவே நன்றாக ஊறும்.

முருங்கைக்கீரையைக் காம்பு நீக்கி 45 டிகிரியில் வைத்தால் சில மணி நேரத்தில் நொறுங்கும். பொடித்து எதில் வேண்டுமானாலும் தூவலாம். வெங்காயத்தைப் பால்கனியிலோ மொட்டைமாடி நிழலிலோ வைத்து உலர்த்துங்கள், வீடு முழுக்க இரண்டு நாள் நெடி நிற்கும். வெங்காயத்தோடு பழத்தை ஒரே ஓட்டத்தில் வைத்தால் பழத்திலும் அதே நெடிதான்.

பதம் எளிது. கேரட், பட்டாணி கல்போல் சத்தம் போட வேண்டும். பீன்ஸ், கோஸ் ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் காயவில்லை. சூடாக இருக்கும்போது எல்லாமே கொஞ்சம் வளையும் என்பதால், ஒரு துண்டை எடுத்து 5 நிமிடம் ஆறவிட்டுச் சோதியுங்கள்.

பாசிப்பருப்பு காய்கறிக் கிச்சடி, 4 பேருக்கு

முதல்முறை செய்பவர்கள் இதிலேயே தொடங்குங்கள். பாசிப்பருப்பு சீக்கிரம் காயும், சீக்கிரம் ஊறும், வயிற்றுக்கும் இதம்.

பச்சரிசி 250 கிராம், பாசிப்பருப்பு 150, கேரட் 200, பீன்ஸ் 150, பட்டாணி 100, தக்காளி 200, வெங்காயம் 100, உப்பு 15, வறுத்துப் பொடித்த மிளகு சீரகமும் மஞ்சள்தூளுமாக 8 கிராம். தண்ணீர் 1.2 லிட்டர். இலக்கு எடையைக் கூட்டிப் பார்த்தால் 490 முதல் 510 கிராம் வரும்.

1. பருப்பை எண்ணெயில்லாமல் வாசனை வரும்வரை வறுங்கள். அரிசியைக் கழுவி 20 நிமிடம் ஊறவைத்து வடித்துவிடுங்கள்.

2. குக்கரில் வெங்காயம், தக்காளியைச் சிறிது தண்ணீரில் வதக்கி, மற்றதெல்லாம் சேர்த்து 4 விசில். ஆவி அடங்கியதும் கிளறுங்கள். கரண்டியில் எடுத்தால் மெதுவாகச் சரிய வேண்டும், ஓடக் கூடாது.

3. பாத்திரத்தின் எடையைக் கழித்து மொத்தச் சாப்பாட்டை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். 2.2 முதல் 2.3 கிலோ வரும்.

4. ஆறவிடாமல், சூடாகவே விரிப்பில் 5 மி.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். இந்த இடத்தில் பலர் தவறுகிறார்கள். ராத்திரி செய்து மேடையில் ஆறவைத்துக் காலையில் உலர்த்தினால், சாதம் கெடுகிற சூட்டில் ராத்திரி முழுக்கக் கிடந்திருக்கும். உடனே உலர்த்த முடியாவிட்டால், அகலமான தட்டில் சீக்கிரம் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் நன்றாகச் சூடாக்கிப் பரப்புங்கள். ஒரு தட்டுக்கு 400 கிராம் கணக்கில் 5, 6 தட்டு ஆகும். மெஷின் சின்னது என்றால் அளவைப் பாதியாக்குங்கள், கனத்தைக் கூட்டாதீர்கள்.

5. 63 டிகிரியில் தொடங்குங்கள். 3, 4 மணி நேரத்தில் மேலே ஏடுபோல ஆகும். அப்போது விரிப்போடு கவிழ்த்து, பெரிய கட்டிகளை விரலால் உதிர்த்து, 60 டிகிரிக்குக் குறைத்துத் தொடருங்கள். இந்த உதிர்க்கும் வேலையைத் தவறவிட்டால் பருப்பு உருண்டையாகி உள்ளுக்குள் ஈரமாகவே நிற்கும். பிறகு 2 மணி நேரத்துக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள்.

6. 7 மணி நேரத்துக்குப் பிறகு நிறுக்கத் தொடங்கி, இலக்கு எடையை எட்டும்வரை ஓட்டுங்கள். ஒரு பருக்கையைக் கடித்தால் நொறுங்க வேண்டும், பல்லில் ஒட்டக் கூடாது.

காலை 6 மணிக்கே மெஷினைப் போட்டுவிட்டால், மழைநாளிலும் பெரும்பாலும் படுக்கப் போகுமுன் முடிந்துவிடும். பாதியில் கரண்ட் போய் ஒரு மணி நேரத்துக்குமேல் வரவில்லை என்றால், தட்டில் உள்ளதை டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, வந்தபின் தொடருங்கள்.

தனியாகச் சாதம் மட்டும் உலர்த்துவதானால் குக்கர் சாதத்தைவிட வடித்த சாதம் நல்லது. கஞ்சி போய்விடுவதால் பருக்கை ஒட்டாது. புழுங்கலரிசி காய்ந்தால் கடினமாகி ஊறுவதற்கும் நேரம் பிடிக்கும். பொன்னிப் பச்சரிசியோ சீரகச் சம்பாவோ எடுங்கள்.

சாம்பார்த் தகடு, ரசப் பொடி

சாம்பாரைத் தண்ணியாக வைத்து உலர்த்தவே கூடாது, மெஷினுக்கு வீண் வேலை. துவரம்பருப்பு 200 கிராமைக் குக்கரில் மசிய வேகவையுங்கள். தக்காளி 300, சின்ன வெங்காயம் 150 கிராமைத் தண்ணீரில் வதக்கி, 25 கிராம் புளியின் கெட்டிக் கரைசல், சாம்பார்ப் பொடி 25, உப்பு 15 கிராம் சேர்த்துப் பச்சை வாடை போகக் கொதிக்கவிட்டு, பருப்போடு சேர்த்து மிக்ஸியில் விழுதாக அரையுங்கள். தோசைமாவைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். விரிப்பில் 3 மி.மீ. கனத்தில் தடவி 60 டிகிரியில் வையுங்கள். 4 மணி நேரத்தில் தகடாக உரிந்து வரும். திருப்பிப் போட்டு, ஒடியும்வரை தொடருங்கள். 280 கிராமுக்குப் பக்கத்தில் வரும், 6 பேருக்குக் காணும்.

ஆறியபின் உடைத்து மிக்ஸியில் பொடியுங்கள். பொடித்ததை மறுபடி தட்டில் பரப்பி இன்னும் 40 நிமிடம் ஓட்ட வேண்டும், இதை விட்டுவிடாதீர்கள். தகட்டின் நடுவில் ஒளிந்திருந்த ஈரம் பொடித்தபிறகுதான் வெளியே வருகிறது. அப்படியே பாட்டிலில் போட்டால் ஒரு வாரத்தில் கட்டியாகும். மலையில் 45 முதல் 50 கிராம் பொடிக்கு 250 மி.லி. தண்ணீர், 3 நிமிடக் கொதி, சாம்பார் தயார். உலர்ந்த கேரட், பீன்ஸைக் கூடப் போடுவதானால் அவற்றை 15 நிமிடம் முன்னதாகவே ஊறப்போட்டுவிடுங்கள்.

ரசமும் இதே வழிதான். புளிக்கரைசலைத் தனியாக உலர்த்த முயலாதீர்கள், அதிலுள்ள சர்க்கரையால் பிசினாகவே நிற்கும். 100 கிராம் துவரம்பருப்பு விழுதோடு கலந்தால்தான் பொடியாகும். ரசப்பொடி, நசுக்கிய பூண்டு, தக்காளி எல்லாம் விழுதிலேயே அரைபடட்டும். கொத்தமல்லியை மட்டும் 40 டிகிரியில் தனியாக உலர்த்திக் கடைசியில் கலந்தால் மணம் நிற்கும். குளிரில் கூடாரத்துக்குள் குடிக்க ஒரு டம்ளர் ரசத்துக்கு ஈடில்லை. இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

கொண்டைக்கடலை, ராஜ்மாவும் உலரும். 10 மணி நேரம் ஊறவைத்துக் குழைய வேகவைத்து 60 டிகிரியில் வைத்தால் தோல் வெடித்துப் பிளக்கும், பிளந்தால்தான் ஊறும். பிளக்காததை ஒன்றிரண்டாக உடைத்துவிடுங்கள். தயிரை ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் துணியில் வடித்து, 2 மி.மீ. கனத்தில் தடவி 57 டிகிரியில் உலர்த்திப் பொடிக்கலாம். இரண்டு மூன்று வாரத்துக்குள் தீர்க்க வேண்டும். பால், முட்டை, பனீர் வேண்டாம். முட்டையில் சால்மோனெல்லா என்ற பாக்டீரியா பயம் உண்டு, பனீர் ரப்பராகிவிடும்.

கறி

சைவத்தைவிட இதில் கண்டிப்பு கூடுதல். கோழியைத் துண்டுகளாக உலர்த்தினால் தோல்செருப்புபோல ஆகி, எவ்வளவு ஊறினாலும் இளகாது. கொழுப்பு நீக்கிய நெஞ்சுக்கறி 500 கிராமை உப்பு, மஞ்சள், மிளகோடு குக்கரில் நார்நாராகப் பிரியும்வரை வேகவையுங்கள். நடுப்பகுதி 74 டிகிரி சூட்டை எட்டியிருக்க வேண்டும், குக்கரில் அதற்குக் குறையாது. சூப்பை வடித்துவிட்டு, இரண்டு முள்கரண்டியால் மெல்லிய நாராகப் பிய்த்து, 70 டிகிரியில் 6 முதல் 8 மணி நேரம் உலர்த்துங்கள். 110 முதல் 130 கிராம் வரும்.

கொத்துக்கறி அப்படியே காய்ந்தால் சரளைக் கற்களாகிவிடும். 500 கிராம் கொத்துக்கறிக்கு 60 கிராம் ரஸ்க் தூளைப் பிசைந்து பிறகு வேகவைத்தால், மலையில் அந்தத் தூள்தான் தண்ணீரை இழுத்துக் கறிக்குள் கொண்டுபோகும். வெந்தபின் கொதிநீர் ஊற்றி வடித்து, காகிதத் துண்டால் ஒற்றிக் கொழுப்பை எடுங்கள். உலரும்போது மேலே எண்ணெய் முத்துகள் பூத்தால் மறுபடி ஒற்றுங்கள். ஆட்டுக்கறியில் கொழுப்பு கூடுதல் என்பதால் புதியவர்கள் கோழியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. உலர்த்திய கறியைப் புறப்படும் நாள்வரை ஃப்ரீசரில் வைத்திருந்து, வெளியே எடுத்த இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

ஆறவைத்து, சோதித்து, கட்டி வைப்பது

சூடாகப் பையில் போட்டால் உள்ளே வியர்க்கும். மணிக்கணக்காக வெளியே ஆறவிட்டால், கடலோர ஊர்களில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து மறுபடி நமுத்துப்போகும். மெஷினை அணைத்து, 15, 20 நிமிடத்தில் தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஆறியதும் கண்ணாடி பாட்டிலில் முக்கால் பாகத்துக்குக் குறைவாக நிரப்பி மூடிவிடுங்கள். சமைத்த சாப்பாட்டை ஒரு நாள், காய்களை ஒரு வாரம் இப்படி வைத்துத் தினம் குலுக்கிப் பாருங்கள். பாட்டில் சுவரில் ஒரு துளி நீராவி தெரிந்தாலும், துண்டுகள் ஒட்டினாலும், மறுபடி மெஷினுக்கு. பூசணம் கண்டால் அந்தப் பாட்டில் முழுவதும் குப்பைக்கு. மேலோட்டமாக எடுத்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளும் பேச்சே வேண்டாம்.

பிறகு ஒரு ஆள் பங்காக நிறுத்துக் கட்டுங்கள். வேக்யூம் சீலர் (பையிலுள்ள காற்றை உறிஞ்சி ஒட்டும் மெஷின்) இருந்தால், காய்ந்த கேரட்டின் கூர்முனை பையைக் குத்தாமல் பட்டர் பேப்பரில் சுற்றிப் போடுங்கள். ஆக்சிஜன் உறிஞ்சிப் பொட்டலமும் சிலிக்கா ஜெல்லும் வேறு வேறு. முன்னது காறலைத் தடுக்கும், பின்னது ஈரத்தை இழுக்கும். அரைகுறையாகக் காய்ந்த சாப்பாட்டில் ஆக்சிஜன் உறிஞ்சியைப் போட்டால், காற்றில்லாத இடத்தில் வளரும் கொடிய பாக்டீரியாவுக்கு இடம் கொடுத்ததாகும். முழுதாகக் காய்ந்ததில் மட்டும் போடுங்கள்.

பைமேல் எழுத வேண்டியது: பெயர், உலர்த்திய தேதி, காய்ந்த எடை, ஊற்ற வேண்டிய தண்ணீர். நம் ஊர் அறைச் சூட்டில் காய்களும் சைவச் சாப்பாடும் இரண்டு மாதத்துக்குள் தீர்வது நல்லது. ஃப்ரீசரில் ஆறு மாதம் தாராளம். ஃப்ரீசரிலிருந்து எடுத்த பையை அறைச் சூடு வந்தபிறகே பிரியுங்கள், இல்லாவிட்டால் உள்ளே பனித்துளி படியும்.

புறப்படுமுன் ஒவ்வொரு வகையிலும் ஒரு பையை, கொண்டுபோகப்போகும் அதே பாத்திரத்தில் வீட்டிலேயே செய்து சாப்பிட்டுப் பாருங்கள். உப்பும் தண்ணீரும் சரிசெய்ய அதுதான் கடைசி வாய்ப்பு.

மலையில்

கேஸ் உருளையை விமானத்திலோ ரயிலிலோ எடுத்துப்போகக் கூடாது. மலையடிவாரத்து ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள். காட்டுப் பகுதியில் அடுப்பு பற்றவைக்க அனுமதி உண்டா என்று வனத்துறையிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

பாத்திரத்தில் சாப்பாட்டைக் கொட்டி, எழுதிய அளவு பச்சைத்தண்ணீர் ஊற்றி, கூடாரம் அடிக்கும் நேரத்தில் 15 நிமிடம் ஊறவிடுங்கள். இந்த ஊறல்தான் கேஸை மிச்சப்படுத்தும். பிறகு கொதிவந்து 2 நிமிடம் கிளறி அடுப்பை அணைத்து, மூடிப் பாத்திரத்தைக் கம்பளித் தொப்பிக்குள்ளோ ஸ்வெட்டருக்குள்ளோ சுற்றி 15 நிமிடம் வையுங்கள். 3,000 மீட்டருக்குமேல் 25 நிமிடம் ஆகும். சாதாரண ஜிப்லாக் பையில் கொதிநீரை ஊற்றாதீர்கள், அது அந்தச் சூட்டுக்கானதல்ல.

நடுவில் இன்னும் கடிபட்டால் 50 மி.லி. தண்ணீர் விட்டு மறுபடி ஒரு கொதி, 10 நிமிடம் மூடல். அப்போதும் கடினமாகவே இருந்தால் பழுது மலையில் இல்லை, துண்டு பெரிதாகப் போயிருக்கும் அல்லது காயும்போது மேல்தோல் இறுகியிருக்கும். கஞ்சியாகிவிட்டால் அடுத்த பைக்குத் தண்ணீரில் 50 மி.லி. குறையுங்கள்.

சிலர் காலையிலேயே டப்பாவில் தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டு, நாளெல்லாம் முதுகில் சுமந்துபோய்ச் சாயங்காலம் சூடாக்குவார்கள். ஈரம் பட்ட நிமிடத்திலிருந்து அது உலர்ந்த சாப்பாடு இல்லை, சாதாரணச் சமைத்த சாப்பாடு. இரண்டு மணி நேரத்துக்குமேல் அப்படி வைக்காதீர்கள். ராத்திரி மிஞ்சியதையும் காலைக்கு வைக்க வேண்டாம். அதனால்தான் ஒரு ஆள் பங்காகக் கட்டச் சொன்னது. பசி கூடுதலாக இருந்தால் இன்னொரு பையைப் பிரித்துப் பாதியை ஊறவையுங்கள், மீதியைக் காய்ந்த நிலையிலேயே மடித்துக் கட்டிவிடலாம்.